சகுனி இல்லாத சூது

சூது என்றவுடன் நம் நினைவில் முதலில் வந்து நிற்பவன் சகுனி. பாண்டவர் கதையில் அவன் காய் உருட்டுகிறான், தருமன் இழக்கிறான். நளன் கதையில் புட்கரன் எதிரே அமர்கிறான். நளன் நாடிழந்து காடேகுகிறான். இரு கதைகளிலும் இழப்பவனுக்கு எதிரே வெல்பவன் ஒருவன் முகம் தெரிய அமர்ந்திருக்கிறான். காயை உருட்டும் கை யாருடையது என்பது அவையில் உள்ள அனைவருக்கும் தெரியும். வள்ளுவர் பொருட்பாலில் சூதுக்கென ஓர் அதிகாரம் ஒதுக்கி, அதனைக் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையே வைத்தபோதும், எதிரெதிரே அமர்ந்து ஆடும் ஆட்டத்தையே மனத்தில் கொண்டிருப்பார் என்று எண்ணத் தோன்றுகிறது.

எதிரே யாருமே அமராத ஒரு சூது பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறந்தது. அதில் காய் உருட்டுபவன் இல்லை. ஆட்டத்தை நடத்துபவருக்கு யார் வென்றாலும் ஒன்றுதான். அதுவே குதிரைப் பந்தயத்தில் 'டோட்' என்று வழங்கும் பொதுத்தொகைப் பந்தயம். சகுனியை அவையிலிருந்து வெளியேற்றிவிட்டால் சூது நேர்மையாகிவிடுமா? நேர்மையானால் அதில் இழப்பு நீங்கிவிடுமா? இவ்விரு வினாக்களையும் கையில் வைத்துக்கொண்டு இம்முறையின் வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பந்தயம் கட்டுவோருக்கு வழிகாட்டுவது எங்கள் எண்ணமன்று என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம்.

புக்கியின் காலம்

பொதுத்தொகை முறைக்கு முன்பு பந்தயத் திடல்களை ஆண்டவர் 'புக்மேக்கர்' எனப்படும் பந்தய வணிகர். நம் ஊர் வழக்கில் அவர் 'புக்கி'. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துத் திடல்களில் இத்தொழில் உருப்பெற்றது. புக்கி ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு விலை சொல்வார். 'ஒன்றுக்கு நான்கு' என்று அவர் சொன்ன குதிரையின்மேல் நாம் பத்து ரூபாய் கட்டினால், அது வென்றபின் நாற்பது ரூபாயும் நாம் கட்டிய பத்தும் நமக்கு வரவேண்டும். விலை அப்போதே முடிவாகிவிடும், பின்னர் மாறாது.

இம்முறையில் புக்கி ஆட்டக்காரர்களுள் ஒருவர். எல்லோரும் கட்டிய குதிரை வென்றுவிட்டால் அவர் கைப்பணத்திலிருந்து கொடுக்க வேண்டும். ஆகவே அந்தக் குதிரை தோற்பதில் அவருக்கு நேரடி ஆதாயம் உண்டு. சவாரிக்காரரையோ குதிரைக்காரரையோ விலைக்கு வாங்கும் ஆசையும் அங்கே முளைக்கிறது. வெல்ல முடியாத நிலை வந்தால் இருட்டுவதற்குள் ஊரைவிட்டு ஓடிவிடும் புக்கிகளும் இருந்தனர். சுருங்கச் சொன்னால், சகுனிக்கு அங்கே ஓர் இருக்கை எப்போதும் போடப்பட்டிருந்தது.

பாரிசில் ஒரு புதிய எண்ணம்

அந்த இருக்கையை எடுத்துவிட எண்ணியவர் ஜோசப் ஒலேர். 1839இல் ஸ்பெயின் நாட்டின் கட்டலோனியப் பகுதியிலுள்ள தெராசாவில் பிறந்து, சிறுவயதிலேயே குடும்பத்துடன் பாரிசுக்கு வந்தவர். 1860களின் பிற்பகுதியில் அவர் ஒரு முறையை அறிமுகப்படுத்தினார். பிரெஞ்சில் அதற்கு 'பாரி மியூத்யுவேல்' என்று பெயர். தமக்குள் ஒருவரோடொருவர் கட்டிக்கொள்ளும் பந்தயம் என்பது அதன் பொருள். எண்ணம் மிக எளியது. ஒரு பந்தயத்திற்கு வரும் பணம் முழுவதையும் ஒரே தொகையாகத் திரட்ட வேண்டும். நடத்துபவர் தம் கூலியை அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். எஞ்சியதை, வென்ற குதிரையின்மேல் கட்டியவர்கள் தாம் கட்டிய பணத்தின் அளவுக்கேற்பப் பகிர்ந்துகொள்ள வேண்டும். நடத்துபவர் யாருக்கும் விலை சொல்வதில்லை. எந்தக் குதிரை வென்றாலும் அவருடைய கூலி மாறுவதில்லை.

நேர்மையான இந்த எண்ணத்திற்குக் கிடைத்த முதல் பரிசு சிறைவாசம். 1874இல் சட்டத்திற்குப் புறம்பான சூதாட்டம் நடத்தியதாக ஒலேருக்குப் பதினைந்து நாள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் காலம் அவர் பக்கம் திரும்பியது. 1891 ஜூன் 2ஆம் நாள் இயற்றப்பட்ட பிரெஞ்சுச் சட்டம், பந்தயத் திடல்களில் இந்த முறைக்கு இடமளித்தது. பிடித்தம் செய்யும் தொகையில் ஒரு பங்கு உள்ளூர் அறப்பணிகளுக்கும் குதிரை வளர்ப்புக்கும் போக வேண்டும் என்பது நிபந்தனை. ஒலேரோ அதற்குள் வேறு துறைகளுக்குப் போய்விட்டார். பாரிசின் புகழ்பெற்ற 'மூலான் ரூஜ்' அரங்கை 1889இல் சார்ல் சிட்லருடன் சேர்ந்து திறந்தவர் அவரே.

1891ஆம் ஆண்டுச் சட்டத்தில் நாம் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. புக்கியின் இலாபம் அவர் மடியில் இருப்பது. அரசால் அதை எண்ணிப் பார்க்க இயலாது. பொதுத்தொகையோ எல்லோர் கண்முன்னும் குவிவது. அதில் நூற்றுக்கு இவ்வளவு என்று வெட்டி எடுப்பது எளிது. சூதைக் கண்டித்துவந்த அரசுகள் இம்முறையைத் தழுவிக்கொண்டதற்கு இது முதன்மையான காரணம்.

கணக்கு எப்படி நடக்கிறது?

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஐந்து குதிரைகள் ஓடும் பந்தயம். மொத்தம் சேர்ந்த பணம் 10,000 ரூபாய். முதல் குதிரைமேல் 5,000, இரண்டாவதன்மேல் 2,500, மூன்றாவதன்மேல் 1,500, நான்காவதன்மேல் 750, ஐந்தாவதன்மேல் 250 கட்டப்பட்டுள்ளன என்க. பிடித்தம் நூற்றுக்கு 25 என்று கொள்வோம். எஞ்சுவது 7,500 ரூபாய். எந்தக் குதிரை வென்றாலும் பங்கிடப்படுவது இந்த 7,500தான்.

முதல் குதிரை வென்றால், 7,500ஐ 5,000ஆல் வகுக்க ஒன்றரை வரும். பத்து ரூபாய் டிக்கெட்டுக்கு 15 ரூபாய். இரண்டாவது வென்றால் 30. மூன்றாவது வென்றால் 50. நான்காவதற்கு 100. யாரும் பொருட்படுத்தாத ஐந்தாவது குதிரை வென்றுவிட்டால் பத்து ரூபாய்க்கு 300. இவ்வாறு கிடைக்கும் தொகையே 'டிவிடெண்ட்'. வகுத்து வரும் சில்லறையைக் கீழ்நோக்கி முழுமையாக்கி, மிஞ்சும் காசை நடத்துபவரோ அரசோ வைத்துக்கொள்வதும் பல நாடுகளில் வழக்கம்.

ஆக, இங்கே விலையைச் சொல்வது கூட்டம். ஒவ்வொருவரும் டிக்கெட் வாங்கும்போது தம் குதிரையின் விலையைத் தாமே சற்றுக் குறைத்துக்கொள்கிறார். நாம் கட்டும் வேளையில் பலகையில் 50 என்று தெரிந்தது, கவுண்டர் மூடும்போது 35 ஆகியிருக்கலாம். கடைசி டிக்கெட் விற்கப்படும்வரை உண்மையான விலை ஒருவருக்கும் தெரியாது.

இன்னொரு வியப்பும் உண்டு. இப்படி யாரும் திட்டமிடாமல் உருவாகும் விலை பெரும்பாலும் உண்மைக்கு நெருக்கமாகவே அமைகிறது. கூட்டம் அதிகம் விரும்பிய குதிரைகளே அதிகமாக வெல்கின்றன. ஆனால் அதில் ஒரு கோணலும் இருக்கிறது. கிரிஃபித் என்ற அமெரிக்க உளவியலாளர் 1949இல் சுட்டிக்காட்டியதுபோல, வெல்லும் வாய்ப்பு மிகக் குறைந்த குதிரைகள்மேல் மக்கள் தேவைக்கு மிஞ்சிக் கட்டுகிறார்கள். பத்து 300 ஆகும் என்ற கனவுக்குத் தனி விலை ஒன்று இருக்கிறது போலும்.

எண்ணுபவர் யார்?

புக்கியை வெளியேற்றியபின் ஓர் ஐயம் மட்டும் எஞ்சியது. மொத்தத்தொகையை எண்ணுபவர் யார்? ஒவ்வொரு குதிரைமேலும் எவ்வளவு விழுந்தது என்பதைப் பல கவுண்டர்களில் எழுத்தர்கள் கையால் குறித்து, கூட்டிச் சொன்ன காலம் அது. கூட்டலில் ஒரு பிழை நேர்ந்தால் பங்கு மாறிவிடும். பந்தயம் முடிந்தபின் வென்ற குதிரையின் பெயரில் நான்கு டிக்கெட்டுகளைக் கள்ளத்தனமாகச் சேர்த்துவிட்டால் உண்மையாக வென்றவரின் பங்கு கரையும். அவர் அதை அறியவும் வழியில்லை. சகுனி ஆட்டக்காரராக வராமல் கணக்கப்பிள்ளையாக வரலாம் என்றாயிற்று.

இதற்கு விடை கண்டவர் பந்தயத் திடலையே பார்த்திராத ஒருவர். ஜார்ஜ் ஜூலியஸ் 1873இல் இங்கிலாந்தின் நார்விச்சில் பிறந்தவர். தந்தை சர்ச்சில் ஜூலியஸ், நியூசிலாந்தில் கிறைஸ்ட்சர்ச் நகரின் ஆயராகவும் பின்னர் அந்நாட்டின் முதல் பேராயராகவும் விளங்கியவர். மகன் பொறியாளராகி ஆஸ்திரேலிய இரயில்வேயில் பணிபுரிந்தார். தேர்தல் வாக்குகளை மனிதக் கை படாமல் எண்ணுவதற்கு ஓர் எந்திரத்தை அவர் வடிவமைத்தார். அரசு அதை ஏற்கவில்லை. அப்போதுதான், பந்தயத் திடல்களுக்கும் இத்தகைய எந்திரம் தேவைப்படுகிறது என்று அவருக்குத் தெரியவந்தது. அதுவரை தாம் ஒரு பந்தயத் திடலையும் கண்டதில்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

மக்களாட்சியின் வாக்கை எண்ணப் பிறந்த எந்திரம் பந்தயப் பணத்தை எண்ணப் போயிற்று. அதைச் செய்தவர் ஓர் ஆயரின் மகன். வரலாற்றின் இத்தகைய குறும்புகளைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்பதா சிந்திப்பதா என்று தெரிவதில்லை.

1913இல் நியூசிலாந்தின் ஆக்லந்து நகரில் எல்லர்ஸ்லி திடலில் ஜூலியசின் முதல் எந்திரம் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் இல்லை. ஓர் அறை முழுவதும் கம்பிகளும், கப்பிகளும், பற்சக்கரங்களும், சங்கிலிகளுமாக நிறைந்திருந்தன. முப்பது கவுண்டர்களில் எதில் டிக்கெட் விற்றாலும் அவ்விற்பனை கம்பி வழியே மைய எந்திரத்தை அடைந்து, அந்தக் குதிரையின் கணக்கிலும் மொத்தக் கணக்கிலும் ஒருசேர ஏறியது. ஒரே நொடியில் பலர் ஒரே குதிரைக்கு டிக்கெட் விற்றால் ஒன்றும் விடுபடாமல் கூட்டுவதே இதில் பெரிய சிக்கல். அதை அவர் சக்கரங்களைக் கொண்டே தீர்த்தார். எல்லோரும் காணும்படி உயரத்தில் எண்கள் மாறிக்கொண்டிருந்தன. கணக்கப்பிள்ளையின் பேரேடு அவையின் நடுவே திறந்து வைக்கப்பட்டதற்கு ஒப்பானது அது.

1917இல் ஜூலியஸ் இதற்கென ஒரு நிறுவனம் தொடங்கினார். 1928இல் பாரிசின் லோன்ஷான் திடலுக்கே அவருடைய எந்திரம் சென்றது. முறை பிறந்த நகருக்கு எந்திரம் வந்து சேர்ந்தது. பிரிட்டனில் 1928ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1929 ஜூலையில் டோட் நடைமுறைக்கு வந்தது. மின்னணுக் கணினிகள் பிறப்பதற்குப் பல்லாண்டுகள் முன்னரே, பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் பெருங்கணக்கு எந்திரம் ஒன்று பந்தயத் திடல்களில் இயங்கிக்கொண்டிருந்தது. 1926இல் ஆஸ்திரேலிய அரசின் அறிவியல், தொழில் ஆய்வு மன்றத்திற்கு முதல் தலைவராக ஜூலியஸ் அமர்த்தப்பட்டார். வாக்கு எந்திரத்தை ஏற்காத அரசு, அதைச் செய்தவரை ஏற்றுக்கொண்டது.

எந்திரத்திற்குள் ஒரு கை

எந்திரம் வந்தபின் ஐயம் தீர்ந்ததா? பெருமளவு தீர்ந்தது, முழுவதும் தீரவில்லை. 2002 அக்டோபர் 26ஆம் நாள் அமெரிக்காவில் சிகாகோவுக்கு அருகிலுள்ள ஆர்லிங்டன் பார்க் திடலில் 'பிரீடர்ஸ் கப்' பந்தயங்கள் நடந்தன. அடுத்தடுத்து நிகழும் ஆறு பந்தயங்களில் வெல்லும் ஆறு குதிரைகளையும் முன்கூட்டியே சொல்லும் 'பிக் சிக்ஸ்' ஆட்டத்தில் சரியான டிக்கெட்டுகள் ஆறே ஆறு. ஆறும் ஒருவருடையவை. மொத்தப் பரிசு 30 இலட்சம் டாலருக்கு மேல்.

கடைசிப் பந்தயத்தில் வென்ற வோல்போனி என்ற குதிரைக்கு ஒன்றுக்கு நாற்பத்து மூன்று என்ற விலை இருந்தது. அதை ஒருவர் மட்டும் எப்படிக் கண்டுபிடித்தார் என்ற வியப்பே விசாரணைக்கு வித்திட்டது. டிக்கெட்டுகளைப் பார்த்தபோது முதல் நான்கு பந்தயங்களுக்கு ஒவ்வொரு குதிரையும், கடைசி இரண்டுக்கு எல்லாக் குதிரைகளும் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தன. நான்காம் பந்தயம் முடிந்த பிறகுதான் வெளியூர் டிக்கெட்டுகளின் விவரம் மையக் கணினிக்கு அனுப்பப்படும் என்பதை அறிந்த பொறியாளர் ஒருவர், கணக்கு எந்திரங்களை நடத்திய நிறுவனத்திற்குள்ளேயே இருந்தார். நான்கு பந்தயங்களின் முடிவு தெரிந்தபின் அவர் டிக்கெட்டை மாற்றி எழுதினார். அவரும் நண்பர்கள் இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றனர். பரிசுத்தொகை பின்னர், ஆறில் ஐந்தைச் சரியாகச் சொன்னவர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இம்மோசடியில் பணம் இழக்கவிருந்தவர் திடலின் உரிமையாளர் அல்லர், பிற ஆட்டக்காரர்களே. பொதுத்தொகையில் ஒருவர் ஏமாற்றினால் இழப்பு பெயர் தெரியாத பலர்மேல் சிறுசிறு துளியாகப் பரவிவிடும். ஒருவரும் தாம் கொள்ளையடிக்கப்பட்டதை உணரமாட்டார். வோல்போனி தோற்றிருந்தால் இதுவும் வெளிப்பட்டிருக்குமோ, என்னவோ!

கிண்டியின் வழக்கு

இனி நம் ஊருக்கு வருவோம். 1974இல் தமிழ்நாடு சட்டமன்றம் குதிரைப் பந்தயத்தையும் அதன்மேல் பணம் கட்டுவதையும் ஒழிக்கச் சட்டம் இயற்றியது. கிண்டித் திடலில் பந்தயம் நடத்திவந்த சென்னைப் பந்தயக் கழகம் வழக்குத் தொடுத்தது. உயர்நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. மேல்முறையீடு உச்சநீதிமன்றம் சென்றது. இடையில் 1986இல் கழகத்தையே அரசு எடுத்துக்கொள்ள மற்றொரு சட்டமும் வந்தது. இறுதித் தீர்ப்பு 1996 ஜனவரி 12ஆம் நாள் வெளியாயிற்று.

நீதிமன்றத்தின் முன்னிருந்த மைய வினா, குதிரைப் பந்தயம் திறமையின் ஆட்டமா, தற்செயலின் ஆட்டமா என்பது. குதிரையின் வமிசம், பயிற்சி, முந்தைய ஓட்டங்கள், சவாரிக்காரரின் ஆற்றல் ஆகியவற்றை ஆராய்ந்தே பந்தயம் கட்டப்படுகிறது; ஆகவே அது பெரும்பாலும் திறமையின் ஆட்டமே என்று நீதிபதிகள் முடிவு செய்தனர். தீர்ப்பு கழகத்திற்குச் சாதகமாக அமைந்தது. பாரிசில் ஒலேர் சிறை சென்று நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின், பந்தயம் சூதா அன்றா என்ற அதே வாதம் நம் மண்ணைப் பற்றி ஒலித்து, வேறொரு விடை பெற்றது.

அத்தீர்ப்பிலேயே ஒரு கணக்கும் பதிவாகியிருக்கிறது. அன்று டோட்டில் சேர்ந்த பணத்தில் நூற்றுக்கு 75 வென்றவர்களுக்கு. 20 மாநில அரசுக்குப் பந்தய வரி. 5 கழகத்திற்குக் கழிவு. நம் எடுத்துக்காட்டில் நூற்றுக்கு 25 பிடித்தம் என்று வைத்துக்கொண்டதற்கு இதுவே அடிப்படை. ஒழிக்க முனைந்த அரசே அத்தொகையில் மிகப்பெரிய உறுதியான பங்கைப் பெற்றுவந்தது என்பதையும், அந்த வருவாயை விட்டுவிட அது முன்வந்தது என்பதையும் நாம் சேர்த்தே நினைக்க வேண்டும். பின்னாளில் பந்தய வரியின் இடத்தில் 2017 ஜூலை முதல் சரக்கு, சேவை வரி வந்தது. 2024 செப்டம்பரில் தமிழக அரசு கிண்டி நிலத்தின் குத்தகையை ரத்து செய்து திடலைப் பூட்டியது. அது நிலத்தைப் பற்றிய வழக்காதலால் இங்கு விரிக்கவில்லை.

தீர்ப்பு கேளாத வினா

திறமை உண்டு என்று தீர்ப்புச் சொல்லிற்று. நாமும் மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு திறமை வேண்டும்?

நம் எடுத்துக்காட்டின் இரண்டாவது குதிரைக்குத் திரும்புவோம். மொத்தப் பணத்தில் கால் பங்கு அதன்மேல் விழுந்தது. அதாவது நான்கு முறை ஓடினால் ஒருமுறை வெல்லும் என்பது கூட்டத்தின் மதிப்பு. வென்றால் பத்துக்கு முப்பது. ஆகவே அக்குதிரை மூன்று ஓட்டத்தில் ஒன்றில் வென்றால்தான் நமக்கு முதல் தேறும். நூற்றுக்கு 25 என்று கூட்டம் மதிப்பிட்டதன் உண்மை மதிப்பு நூற்றுக்கு 33 என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதுவும் நட்டமில்லாமல் வீடு திரும்புவதற்கு மட்டும். குதிரையை அறிந்தால் போதாது. குதிரையை அறிந்த ஆயிரம் பேரைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அறிந்திருக்க வேண்டும். அப்படிப்பட்டவர் சிலர் இருக்கக்கூடும். எல்லோரும் அப்படி இருக்க முடியாது. ஏனெனில் அந்தக் கூட்டமே அவர்கள்தாம்.

இன்னொரு கணக்கு. நூறு பேர் ஆளுக்கு நூறு ரூபாயுடன் ஒரு மாலைப்பொழுது திடலுக்கு வருகிறார்கள். 10,000 ரூபாய் முழுவதையும் முதல் பந்தயத்தில் கட்டி, திரும்பி வருவதை அடுத்ததில் கட்டுகிறார்கள். முதல் பந்தயம் முடிந்ததும் அவர்கள் அனைவரிடமும் சேர்த்து 7,500 ரூபாய் இருக்கும். இரண்டாவதற்குப்பின் 5,625. மூன்றாவதற்குப்பின் 4,219. நான்காவதற்குப்பின் 3,164. ஐந்தாவது முடியும்போது 2,373. ஏறத்தாழ 6,100 ரூபாய் வரியாகவும் 1,525 ரூபாய் கழிவாகவும் போயிருக்கும். எண்ணுபவர் பொய் சொல்லவில்லை. எந்திரம் பிழை செய்யவில்லை. குதிரைகள் மனமார ஓடின. ஆயினும் நான்கில் மூன்று பங்குக்கு மேல் கரைந்துவிட்டது.

தொடக்கத்தில் எழுப்பிய இரு வினாக்களுக்கும் விடை இதுவே. சகுனியை வெளியேற்ற முடியும். ஒலேரும் ஜூலியசும் அதைப் பெருமளவு செய்து காட்டினார்கள். அவர்களுடைய உழைப்பைக் குறைத்துச் சொல்ல நமக்கு மனமில்லை. ஆனால் சகுனி போனபின் ஆட்டக்காரர்கள் ஒருவர் பணத்தை ஒருவர் எடுத்துக்கொள்ள, ஒவ்வொரு சுற்றிலும் அவையின் வாடகை அமைதியாகப் பிரிந்துகொண்டே இருக்கிறது. தருமனுக்குக் குறைந்தது யாரிடம் தோற்றோம் என்பதாவது தெரிந்திருந்தது. மாலையில் வெறுங்கையுடன் பேருந்துக்குக் காத்திருக்கும் இந்த மனிதருக்கு அதுவும் தெரியாது. குதிரை சரியில்லை என்றே அவர் எண்ணிக்கொள்வார். அடுத்த வாரம் மீண்டும் வருவார்.